பாட்டுப் பதிவுக்கு எந்தச் செயலி?

காமன் கூத்துப் பாடல்களை வீட்டிலேயே கணினியில் பதிவுசெய்ய விழையும் அட்டன், நுவரெலியா மாணவ அன்பர்களுக்கு நாம் முதற்கண் கூறுவது இது: செயலியில் எத்தனை உட்கருக்கள் உள்ளன என்ற எண்ணைக் கண்டு மயங்கிவிட வேண்டாம்.

தப்பின் ஒலி, பாடுவோரின் ஹெட்போனைச் சேருமுன் கணினி அதனைத் துண்டு துண்டாக வாங்கிக் கணக்கிடுகிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் எனக் கொண்டால், 128 மாதிரிகள் அடங்கிய துண்டொன்றுக்குக் கிடைக்கும் அவகாசம் விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கிற்கும் குறைவே! அதற்குள் கணக்கு முடியாவிடில், பதிவில் வெடிப்பொலி கேட்கும். ஒரு தடத்தின் ஒலிமாற்றங்களைப் பெரும்பாலும் ஓர் உட்கருவே வரிசையாகச் செய்யவேண்டியிருத்தலால், ஒவ்வொன்றின் வேகமே முக்கியம். தடங்கள் பெருகினால்தான் எண்ணிக்கை உதவும். இரண்டு தப்பு, மூன்று குரலுக்கு அண்மைத் தலைமுறை ஐ5 அல்லது ரைசன் 5 தாராளம். பெயர் அதுவேயாயினும் பழைய தலைமுறை மந்தமாயிருக்கும், கடைக்காரரிடம் கேட்டறிக.

மெல்லிய மடிக்கணினி சூடேறினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், விசிறியும் இரையும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறையில் அவ்விரைச்சலை ஒலிவாங்கிக்கு எட்டாமல் எங்கே ஒளிப்பது? மலைநாட்டுக் குளிர் சற்றே துணைசெய்யும், அவ்வளவுதான்.

ஐ9 வாங்காததால் மிஞ்சும் பணத்தில் 16 ஜி.பி. நினைவகமும் நல்ல ஒலிவாங்கியும் வாங்குக. பாடல் அறிந்த முதியோரைத் தோட்டந்தோறும் தேடிச் செல்லப் பஸ் கட்டணமும் வேண்டுமன்றோ!