நின்றே உழைப்பவர்களின் பாதங்கள்

கால்விரல்களுக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்காலின் மேடான பகுதியில் தோன்றும் வலியைப் பலர் ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. நாள் முழுதும் நின்றால் கால் வலிக்கத்தானே செய்யும் என்று தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் வேலைக்குச் சென்றுவிடுகிறார்கள். துணிக்கடை ஊழியர், காவலாளி, சமையலறையில் நெடுநேரம் நிற்கும் பெண்கள் ஆகியோரிடம் இந்தச் சகிப்பு மிகுதி. தவிர்க்கக்கூடிய வலியைச் சகிப்பது பொறுமை ஆகாது என்பதே என் கருத்து.

ஒவ்வொரு பாதத்திலும் ஐந்து நீண்ட எலும்புகள் விரல்களை நோக்கிச் செல்கின்றன. நடக்கையில் குதிகால் உயரும்போதெல்லாம் உடலின் எடை அவற்றின் முனைகளில் இறங்குகிறது. அங்கே மெத்தைபோல் அமைந்த கொழுப்புத் திசு, வயது ஏற ஏற மெலிகிறது. குதி உயர்ந்த செருப்பு எடையை முன்னோக்கித் தள்ளுகிறது. முனை குறுகிய காலணி விரல்களை நெருக்குகிறது. தேய்ந்த ரப்பர் செருப்போ தரையின் கடினத்தைத் தடுப்பதே இல்லை. இவற்றை மாற்றாமல் வலி மாத்திரையை மட்டும் விழுங்குவது, ஒழுகும் கூரையைச் சீராக்காமல் பாத்திரம் வைப்பதற்கு ஒப்பாகும்.

செய்யவேண்டியவை எளியவை. தாளின்மீது நின்று பாதத்தை வரைந்து, அதன்மேல் காலணியை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அக்காலணி உங்களுக்குக் குறுகலானது. பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலையில் காலணி வாங்குங்கள். கெண்டைக்கால் தசை இறுகினாலும் முன்பாதத்தின் சுமை கூடும். ஆகவே சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்வைத்து, குதிகால் தரையில் பதிந்திருக்க 30 விநாடி அத்தசையை நீட்டுங்கள்.

ஆயினும், அமர இடமில்லாதவருக்கு நல்ல செருப்பு மட்டும் போதாது. கேரளத்தில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும் திருத்தப்பட்ட சட்டங்கள், கடை ஊழியர்கள் வேலைக்கிடையே அமர இருக்கை அளிக்கவேண்டும் என்கின்றன. இருக்கை இருந்தும் அமரத் தயங்கும் ஊழியரை உரிமையாளரே அமரச் சொல்லவேண்டும். அமர்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று வாடிக்கையாளராகிய நாமும் எண்ணலாகாது.

சில அறிகுறிகளுக்குக் காத்திருத்தல் கூடாது. திடீர் வீக்கம், பாதத்தை ஊன்ற இயலாமை, விரல்களிடையே எரிச்சலும் மரத்துப்போதலும், கட்டைவிரல் மூட்டில் சிவந்த கடும் வலி ஆகியவற்றுக்கு மருத்துவரை நாடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு உணர்வு மங்கியிருக்கலாம். வலி இல்லாமலே புண் வளரும். அவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். குனிய இயலாதோருக்கு வீட்டார் பார்த்துச் சொல்லவேண்டும். கால் ஆணியை பிளேடால் வெட்டவோ, அமிலப் பட்டை ஒட்டவோ கூடாது.

மருத்துவரிடம் வரும்போது அன்றாடம் அணியும் செருப்புடனேயே வாருங்கள். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்பதையும், அவர் கேட்கும்முன் நீங்களே சொல்லுங்கள்.