மாவட்டம் பிரிச்சா மட்டும் போதுமா?

ஓசூரைத் தலைநகரா வெச்சு ஒரு தனி மாவட்டம் வேணும்னு எங்க பக்கம் ரொம்ப வருஷமா ஒரு கோரிக்கை இருக்கு. தேர்தல் சமயத்துல கொஞ்சம் சத்தமா கேட்கும், அப்புறம் அடங்கிடும். "தளிக்காரன் நீ, உனக்கு இது வேணுமா வேண்டாமா?"ன்னு யாராவது கேட்டா ஒரே வரியில பதில் சொல்ல முடியறதில்லை. அதனால ஒரு பதிவாவே எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க மக்களே.

தளி எங்கிருக்குன்னு தெரியாதவங்களுக்கு: கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை தாலுக்கா, கர்நாடக எல்லை. குளிருக்காக 'குட்டி இங்கிலாந்து'ன்னு பேர் வாங்கின ஊர். டீக்கடையில தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே வாக்கியத்துல வரும்.

முதல்ல கொஞ்சம் சரித்திரம். இந்த மண்ணு இருந்த இடத்துலயே இருக்கு, ஜில்லாதான் மேல மேல மாறிக்கிட்டே இருந்திருக்கு.

1792ல மூணாவது மைசூர் போர் முடிஞ்சு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை ஆனப்ப, திப்பு சுல்தான் கம்பெனிக்குக் கொடுத்த பகுதிகள்ல ஒண்ணு பாராமகால். இன்னைக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரின்னு சொல்ற ஏரியா. இதை நிர்வாகம் பண்ண கார்ன்வாலிஸ் அனுப்பினது அலெக்சாண்டர் ரீட்ங்கற ராணுவ அதிகாரியை. சென்னையில இருந்த கம்பெனி சிவில் அதிகாரிகள்ல உள்ளூர் மொழி தெரிஞ்சவங்க ரொம்பக் குறைவுங்கறது அதுக்கு ஒரு காரணம். (இந்த மொழி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, கீழே வரும்.) ரீடுக்கு உதவியாளர்களா வந்தவங்கள்ல ஒருத்தர் தாமஸ் மன்றோ. பின்னாடி 1820ல சென்னை மாகாணத்துக்கே கவர்னர் ஆனவர். ஜமீன்தார் நடுவுல இல்லாம, நிலத்தை அளந்து விவசாயிகிட்டயே நேரா வரி வாங்கற ரயத்துவாரி முறைக்கு இங்கதான் பிள்ளையார் சுழி போட்டாங்க. நடுவுல நிலத்தை மிட்டா மிட்டாவா பிரிச்சு வித்துப் பார்த்தாங்க, அது சரியா ஓடலை.

ஆனா ஒரு விஷயம். 1792ல ஓசூர், தளி பக்கம் இதுல கிடையாது. 1799ல திப்பு இறந்த பிறகுதான் மலைக்கு மேல இருக்கற இந்தப் பகுதி கம்பெனி கைக்கு வந்தது. பழைய சேலம் ஜில்லாவை மூணு துண்டாச் சொல்வாங்க: தாலகாட், பாராமகால், பாலகாட். பாலகாட்னா கணவாய்க்கு மேல இருக்கற நிலம். அதாவது நாங்க. ஆரம்பத்துல இருந்தே கடைசியா ஒட்டுப்போட்ட துணிதான் :-)

அதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல கொஞ்ச காலம் சேலம் ஜில்லா கலெக்டர்கள் குடியிருந்தது ஓசூர்ல. காரணம் வேற என்ன, குளிர்தான். பிரெட்ங்கற கலெக்டர் அங்கே கெனில்வொர்த்னு பேர் வெச்சு ஒரு கோட்டையே கட்டினார். துரைக்குக் குளு குளுன்னு இருந்தது. ஆனா ஆத்தூர்க்காரன் மனு கொடுக்க எத்தனை நாள் நடந்திருப்பான்னு யோசிச்சுப் பாருங்க. ஜில்லா தலைநகர் எங்க இருக்கணும்ங்கறதை ஜனங்களோட வசதி முடிவு பண்ணலைங்கறதுக்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

அப்புறம் தலைநகர் சேலத்துக்கே போயிடுச்சு. இப்ப நாங்க நடக்க ஆரம்பிச்சோம். தளியில இருந்து சேலம் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல. 1965 அக்டோபர் 2ல சேலத்தைப் பிரிச்சு தர்மபுரி மாவட்டம் வந்தது. அதுவரைக்கும் மாநிலத்துல 13 மாவட்டம்தான், இது 14ஆவது. தூரம் நூறு கிலோமீட்டர் பக்கம் குறைஞ்சது. 2004 பிப்ரவரி 9ல தர்மபுரியையும் பிரிச்சு கிருஷ்ணகிரி மாவட்டம், 30ஆவதா. இப்ப எழுபத்தஞ்சு கிலோமீட்டர் சுமார். பிறகு 2019லயும் 2020லயும் வேற இடங்கள்ல ஆறு மாவட்டம் பிரிச்சு மொத்தம் 38 ஆச்சு.

பிரிச்சதால ஒண்ணுமே ஆகலைன்னு சொன்னா அது அநியாயம். கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. மாவட்டத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல வந்தது அது. தர்மபுரியோட ஒட்டிக்கிட்டே இருந்திருந்தா, அங்கே ஏற்கனவே ஒண்ணு இருக்கே, உங்களுக்கு எதுக்குன்னு சொல்லியிருப்பாங்க. 2004ல 5 தாலுக்காவோட ஆரம்பிச்ச மாவட்டம் இப்ப 8 தாலுக்கா. அஞ்செட்டி தனித் தாலுக்கா ஆனது மலைக்கிராம ஜனங்களுக்கு நிஜமாவே பெரிய விஷயம்.

அப்ப ஓசூர் மாவட்டமும் நல்லதுதானேன்னு கேட்பீங்க. இருங்க, ஜெர்மனி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாம்.

ஆபீஸ்ல ஒரு ஜெர்மன் ப்ராஜெக்ட். முகவரி டேபிளைச் சுத்தம் பண்ற போரடிக்கற வேலை. அதுல மியூரிட்ஸ்னு ஒரு மாவட்டம் இருந்தது. ஆனா இன்னைய அதிகாரப்பூர்வப் பட்டியல்ல அது இல்லை. தேடிப் பார்த்தா, வடகிழக்கு ஜெர்மனியில மெக்லன்பர்க்-மேற்கு பொமரேனியா மாநிலத்துல 1994ல உருவாகி 2011ல கலைச்சுட்ட கிராமப்புற மாவட்டம் அது. பக்கத்து மாவட்டங்களோட சேர்த்து ஒரே பெரிய மாவட்டமா ஆக்கிட்டாங்க. அந்த மாநிலத்துல இருந்த 12 கிராமப்புற மாவட்டத்தை 6 ஆக்கினாங்க. அதுக்கும் முன்னாடி, 1960களின் கடைசியிலயும் 70களிலயும் மேற்கு ஜெர்மனி முழுக்க இதே கதைதான்: 425 மாவட்டம் 237 ஆச்சு.

நாம பிரிச்சுக்கிட்டே போறோம், அவங்க சேர்த்துக்கிட்டே போறாங்க! மியூரிட்ஸை விழுங்கின அந்தப் புது மாவட்டம் சுமார் 5,500 சதுர கிலோமீட்டர், ஜெர்மனியிலயே பெருசு. நம்ம கிருஷ்ணகிரி 5,143. கிட்டத்தட்ட ஒரே சைஸ். ஆனா அங்கே ஜனத்தொகை இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. இங்கே 2011 கணக்குப்படியே 18.8 லட்சம். அதனால அவன் சேர்க்கறான், நாமும் சேர்ப்போம்னு சொல்றது அபத்தம். நான் சொல்ல வந்தது அது இல்லை.

சொல்ல வந்தது இது. அந்த மாநிலம் முதல்ல 12ஐ 5 ஆக்கத்தான் சட்டம் போட்டது. 2007ல மாநிலத்தோட அரசியல் சட்ட நீதிமன்றம் அதைச் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு என்ன தெரியுமா? மாவட்ட மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படற உறுப்பினர்கள் சம்பளமில்லாம, சொந்த வேலையைப் பார்த்துக்கிட்டே மக்கள் வேலையும் செய்யறவங்க. மாவட்டம் அளவுக்கு மீறிப் பெருசானா அவங்களால கூட்டத்துக்கு வந்து போகவும் முடியாது, மொத்த மாவட்டத்தையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கவும் முடியாது. அதையெல்லாம் அரசு சரியா யோசிச்சிருக்கணும்னு கோர்ட் கேட்டது.

இதைப் படிச்சப்ப எனக்கு நிஜமாவே தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஊர்ல மாவட்டம் பிரிக்கற பேச்சுல தூரம்னா என்ன? மனு கொடுக்கறவன் கலெக்டர் ஆபீசுக்குப் போற தூரம். அங்கே தூரம்னா, முடிவெடுக்கறவன் முடிவெடுக்கப் போற தூரம். நம்மளை மனுதாரனாப் பார்க்கறதுக்கும் உறுப்பினராப் பார்க்கறதுக்கும் இருக்கற வித்தியாசம் அதுலயே இருக்கு. அங்கே மாவட்ட மன்றத்துக்குத் தேர்தல் உண்டு, தனி பட்ஜெட் உண்டு. அந்த மாநிலத்துல மாவட்டத் தலைவரையே ஜனங்க நேரா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க. குப்பை, ஆம்புலன்ஸ், வண்டி ரெஜிஸ்ட்ரேஷன்லாம் அவங்க பொறுப்பு.

நமக்கும் மாவட்ட ஊராட்சின்னு ஒண்ணு இருக்கு. உங்க மாவட்ட ஊராட்சித் தலைவர் பேரை கூகிள் பண்ணாம சொல்லுங்க பார்ப்போம். நானும் சொல்ல மாட்டேன் :-) வரி போடற அதிகாரம் இல்லை. கலெக்டர் மாதிரி கையெழுத்தும் இல்லை. அதுக்குத் தேர்தலாவது ஒழுங்கா நடக்குதா? 2016ல பதவிக்காலம் முடிஞ்சு, 2019 டிசம்பர் வரைக்கும் தனி அலுவலர்கள் ஆட்சி. அப்ப நடந்த தேர்தல்லயும் 9 மாவட்டத்தை விட்டுட்டாங்க. ஏன்? புதுசா மாவட்டம் பிரிச்சதால வார்டு வரையறை முடியலை, முடிச்சுட்டு நடத்துங்கன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபர்ல. அதாவது மாவட்டம் பிரிச்ச புண்ணியத்துல கிராமத்து ஜனங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் உள்ளாட்சியே இல்லாமப் போச்சு. 2019ல தேர்தல் நடந்த எங்க மாவட்டம் மாதிரி இடங்கள்லயும் 2025 ஜனவரியில பதவிக்காலம் முடிஞ்சதும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தாங்க.

இதுல எங்களுக்கு என்ன நஷ்டம்னு கேட்டா, நிலம். ஓசூர் இப்ப மாநகராட்சி (2019ல இருந்து). சிப்காட் வளர்ந்துக்கிட்டே வருது. டாடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை எங்க தேன்கனிக்கோட்டை தாலுக்காவுக்குள்ளயே வந்தாச்சு. ஓசூர்ல 2,000 ஏக்கர்ல விமான நிலையம்னு 2024ல சட்டசபையில அறிவிச்சாங்க. வேலை வரட்டும், நான் வேண்டாம்னு சொல்லலை. நானே அந்த வேலையில சாப்பிடறவன்தான். ஆனா எந்தக் கிராமத்து நிலம், எந்த ஏரித்தண்ணி, எந்த ரோடுன்னு முடிவாகற இடத்துல அந்தக் கிராமத்துக்காரன் ஓட்டுப் போட்டு அனுப்பின ஒரு ஆளு உட்கார்ந்திருக்கணுமா இல்லையா? ரீட் காலத்துல ஒரு அதிகாரி வந்து அளந்து, எழுதி, முடிவு பண்ணிட்டுப் போனார். இருநூறு வருஷம் தாண்டியும் ஜமாபந்தி, பசலி, பிர்க்கான்னு வார்த்தை மட்டும் இல்லை, அந்த ஏற்பாடும் பெரும்பாலும் அப்படியே இருக்கு.

ஓசூர் மாவட்டம் வந்தா எங்க கலெக்டர் ஆபீஸ் எழுபத்தஞ்சுல இருந்து இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு வரும். சந்தோஷம். ஆனா ஒரு பெரிய தொழில் நகரத்தோட ஓரமா, அதுக்கு நிலமும் தண்ணியும் ஆளும் கொடுக்கற பின்கட்டா தளியும் அஞ்செட்டியும் ஆகிடும்ங்கற பயமும் இருக்கு. ஒரு பட்டா பேர் மாத்தறதுக்கு எங்க வீட்ல நாலு தடவை ஒரு ஆபீசுக்கு அலைஞ்சாங்க. அது ஒண்ணும் கலெக்டர் ஆபீஸ் இல்லை, பக்கத்துலதான் இருக்கு. தூரம் கிலோமீட்டர்ல மட்டும் இல்லை, எத்தனை தடவை போகணும்ங்கறதுலயும் இருக்கு. எங்க துறை பாஷையில சொன்னா, சர்வரைப் பக்கத்து ரூமுக்கு மாத்திட்டா போதுமா? நமக்கு லாகின் இருக்கா?

அதனால என் கட்சி இது. ஓசூர் மாவட்டம் வேணும்னு கேட்கறதா இருந்தா, கூடவே மூணு விஷயம் சேர்த்துக் கேட்போம்.

ஒண்ணு, எல்லையும் வார்டும் வரைஞ்சு முடிச்சு, உள்ளாட்சித் தேர்தல் தேதியைச் சொல்லிட்டு மாவட்டத்தைத் திறக்கணும். ரிப்பன் வெட்டிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வார்டு வரையக் கூடாது.

ரெண்டு, நிலமெடுப்பு, நீர்நிலை விஷயத்துல மாவட்ட ஊராட்சி, ஒன்றியம் ரெண்டோட ஒப்புதலும் வேணும். அவங்க கைக்குக் கொஞ்சம் பணமும் வேணும்.

மூணு, மொழி. மனு எழுதித் தர ஆள் தேடாம, தெலுங்கு, கன்னடம் மட்டும் பேசற ஒரு பாட்டி வாயால சொன்னா எழுதிக்கற ஒரு மேஜை ஒவ்வொரு தாலுக்கா ஆபீஸ்லயும் இருக்கணும். இதுல தமிழுக்கு ஒரு குறையும் வந்துடாது. பாஷை தெரிஞ்ச அதிகாரி வேணும்னு 1792லயே கார்ன்வாலிஸுக்குத் தோணியிருக்கு, நமக்குத் தோணக் கூடாதா?

இந்த மூணும் கிடைச்சா கிருஷ்ணகிரியிலயே இருக்கவும் எனக்குச் சம்மதம். மூணும் இல்லைன்னா ஓசூர் இல்லை, தளியையே தலைநகர் ஆக்கினாலும் நாம மனுதாரர்தான்.

டிஸ்கி: ஜெர்மனியில 2012ல இருந்து, கலைச்ச மாவட்டங்களோட பழைய வண்டி நம்பர் எழுத்துக்களைத் திரும்ப வாங்கிக்கலாம்னு விட்டாங்க. நிறையப் பேர் ஆசையா வாங்கிக்கிட்டாங்களாம். எங்களுக்கு மாவட்டம் வர்றதுக்கு முன்னாடியே நம்பர் வந்துடுச்சு, டி.என். 70. வண்டியளவுல ஓசூர் எப்பவோ பிரிஞ்சாச்சு :))

கள்ளக்குறிச்சி, தென்காசி, மயிலாடுதுறை பக்கத்து நண்பர்கள், பிரிச்ச பிறகு உங்க ஊர்ல என்ன மாறிச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.