எத்தனை மி.மீ. என்பதற்கு முன், எத்தனை அடி?

களப்பணிக்குக் கேமரா வாங்கவிருக்கும் மாணவர்கள் தவறாமல் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: உருவப்படத்துக்குப் பிரைம் லென்ஸ் சிறந்ததா, ஜூம் லென்ஸ் சிறந்ததா? விடைகளும் மாறுவதில்லை. பிரைம் கூர்மையானது, மிகுதியான ஒளியை வாங்கும், பின்னணியை அழகாக மங்கச் செய்யும். ஜூம் வசதியானது, ஒரே லென்ஸில் பல வேலைகள் முடியும். திருமணப் படக்காரருக்கு இவ்விடைகள் போதும். தாராவியில் ஒருவரைப் படமெடுத்து, அதை ஆய்வேட்டிலும் கருத்தரங்கத் திரையிலும் வைக்கப்போகிறவருக்குப் போதா. அவர் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி வேறு: எதிரில் இருப்பவரிடமிருந்து அவர் எத்தனை அடி தள்ளி நிற்கப் போகிறார்?

களஆய்வில் உருவப்படத்துக்கு நீண்ட ஜூம் லென்ஸைக் கையாளும் வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம். பேசும் தூரத்தில் நிற்கக் கட்டாயப்படுத்தும் பிரைம் லென்ஸே அங்கு இயல்பான கருவியாக வேண்டும். இதற்குப் படத்தின் கூர்மை காரணமாகாது. ‘வேண்டாம்’ என்று எதிரில் இருப்பவர் மெல்லச் சொன்னாலும் படமெடுப்பவர் காதில் விழ வேண்டும் என்பதே காரணம்.

ஒளியியலிலிருந்து தொடங்கலாம். நீண்ட லென்ஸ் முகத்தைத் தட்டையாக்கும், குறுகிய லென்ஸ் மூக்கைப் பெருக்கும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். இது பாதி உண்மை. முகத்தின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று எந்த அளவில் தோன்றும் என்பதைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமே. நின்ற இடத்தை மாற்றாமல் 50 மி.மீ.இலும் 200 மி.மீ.இலும் எடுத்த இரு படங்களில், முதலாவதை வெட்டிப் பெரிதாக்கினால் முகத்தின் வடிவம் இரண்டிலும் ஒன்றே. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் உள்ளிட்ட குழுவொன்று 2018-இல் செல்ஃபி பற்றிக் கணக்கிட்டு வெளியிட்டதும் இதே உண்மையைத்தான்: ஏறத்தாழ 30 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 1.5 மீட்டரில் எடுத்ததைவிடச் சுமார் 30 விழுக்காடு மிகுந்து தோன்றும். தூரம் கூடக்கூட அவ்வேறுபாடு தேய்ந்துவிடும்.

லென்ஸ் செய்வது வேறு வேலை. நிற்கும் இடத்திலிருந்து காட்சியில் எவ்வளவு சட்டகத்துக்குள் வர வேண்டும் என்பதை அது வகுக்கிறது. முழுச்சட்டகக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸுடன் 1.5 மீட்டரில் நின்றால் ஒருவரின் இடுப்புக்கு மேற்பட்ட உருவம் கிடைக்கும். அதே அளவு உருவத்தை 85 மி.மீ. லென்ஸில் பெற ஏறத்தாழ 2.5 மீட்டரும், 200 மி.மீ.இல் பெற 6 மீட்டரும் விலக வேண்டும். ஆக, ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுப்பவர் ஓர் உறவின் தூரத்தையும் தேர்ந்தெடுக்கிறார். ஐந்தடியில் இருவர் பேசிக்கொள்ளலாம். இருபதடியில், தையல் எந்திரமும் ஒலிபெருக்கியும் மோட்டார் சைக்கிளும் இரைகின்ற சந்தில், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது.

இக்கணக்கைத் தாராவிக்குள் கொண்டுசென்று பார்க்கலாம். மும்பையின் பல பகுதிகளுக்கு விடிகாலையில் இட்லி கொண்டுசெல்லும் தமிழர்களின் சமையற்கட்டுகள் அங்குள்ளன. அறை பத்தடிக்குப் பத்தடி என்று கொண்டால், மூன்று மீட்டர். அடுப்பும் அரிசி மூட்டையும் போக எஞ்சும் இடத்தில் 85 மி.மீ. லென்ஸுக்கே சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும், 200 மி.மீ.க்கு இடமே இல்லை. ஒளியும் அப்படியே. ஒரு குழல்விளக்கும் நீராவியுமே அங்குள்ள வெளிச்சம். எஃப்/1.8 லென்ஸில் நொடியில் 125-இல் ஒரு பங்கில் எடுக்கக்கூடிய படத்தை, கேமராவோடு இலவசமாக வரும் 18–55 ஜூமின் மறுமுனையில், எஃப்/5.6-இல், எடுக்க நொடியில் 13-இல் ஒரு பங்கு வேண்டும். வேலை செய்யும் கை அதற்குள் நகர்ந்துவிடும். ஃபிளாஷ் போட்டால் அந்த அறை அறையாக இராது.

கருவியின் பருமனும் பேசுகிறது. கேனானின் ஈ.எஃப். வரிசையில் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்.டி.எம். லென்ஸ் 160 கிராம். அதே வரிசையின் 70–200 மி.மீ. எஃப்/2.8 ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மாணவர் கையில் பெரும்பாலும் இருக்கும் சிறு சென்சார் கேமராவில் 35 மி.மீ. லென்ஸே முழுச்சட்டகத்தின் 50 மி.மீ. போல நடந்துகொள்ளும். வீட்டுக்குள் செல்பவர் வாங்க வேண்டியது அதைத்தான்.

ஆனாலும் தாராவி பற்றிய படங்களில் பல அந்த அறைகளுக்குள் எடுக்கப்படுவதில்லை. சந்தின் முனையிலிருந்தும் மேம்பாலத்திலிருந்தும் மாகிம் நிலையத்தின் நடைபாலத்திலிருந்தும் எடுக்கப்படுகின்றன. வாசலில் பாத்திரம் துலக்கும் பெண், திண்ணையில் படிக்கும் சிறுவன், தோல் உலர்த்தும் தொழிலாளி. யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. ‘இயல்பான கணம்’ என்று அதற்குப் பெயர். தான் பார்க்கப்படுவதை அறியாத ஒருவரின் முகம் எவருடைய இயல்பு? அறியாமையை இயல்பு என்று அழைப்பது, எடுத்தவரின் வசதிக்காகச் சூட்டிய பெயர்.

இதே கைகள் மாட்டுங்காவில் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதோடு ஒப்பிட்டால் செய்தி விளங்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் தொலைவு. ஆஸ்திக சமாஜக் கோயிலிலிருந்து வெளிவரும் முதியவளை எந்த ஆய்வாளரும் எதிர்ச்சாரியிலிருந்து 200 மி.மீ. லென்ஸால் குறிபார்ப்பதில்லை. “மாமி, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று அருகில் சென்று கேட்கிறார். மறுத்தால் வணங்கி விலகுகிறார். மாட்டுங்காவில் ‘மாமி’ என்று திறக்கும் வாய், தாராவியில் ‘அக்கா’ என்று ஏன் திறப்பதில்லை? இரு இடத்தாரும் தமிழரே. வேறுபடுவது வர்க்கமும் சாதியும், புகார் சொன்னால் யார் சொல் எடுபடும் என்பதும். ஜூம் லென்ஸ் இந்த வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அதைக் கூச்சமின்றிப் பயன்படுத்திக்கொள்ள வழிசெய்கிறது. தாராவிக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் ரியாலிட்டி டூர்ஸ் என்ற நிறுவனம் தன் நடைப்பயணங்களில் படமெடுக்கலாகாது என விதி வைத்திருக்கிறது. சுற்றுலாப் பயணிக்கு உள்ள கட்டுப்பாடு ஆய்வாளருக்கு இல்லை என்பது வெட்கத்துக்குரியது.

இங்கே பிரைம் லென்ஸின் அடியார்கள் எழுந்து கைதட்டக்கூடும். அவர்கள் அமர வேண்டும். பிரைம் லென்ஸுக்குப் பிறவியிலேயே அறம் வாய்த்துவிடவில்லை. நிழற்படக் கேமராவுக்கென வந்த முதல் ஜூம், ஃபோக்ட்லாண்டர் ஸூமார், 1959-இல்தான் வெளிவந்தது. அதற்கு முன் இந்நாட்டு மக்களை இனம் பிரித்து அளந்து பதிந்த காலனியப் படங்கள் பெரும்பாலும் நிலைத்த குவியத் தூர லென்ஸால் எடுக்கப்பட்டவையே. வாட்சனும் கேயும் பதிப்பித்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ அவ்வாறு உருவானது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மண்டையோட்டளவு எடுத்த அதே கையோடு படமும் எடுத்துச் சேர்த்து, 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவர்களும் அருகில்தான் நின்றார்கள். எதிரில் இருந்தவர் மறுக்க இயலாத அதிகாரத்தோடு நின்றார்கள்.

அண்மைக்காலச் சான்று இன்னும் கூர்மையானது. ஸ்டீவ் மெக்கரி 1984-இல் பெஷாவர் அருகே நசீர்பாக் அகதி முகாமில் எடுத்த ஆப்கன் சிறுமியின் படம், 105 மி.மீ. பிரைம் லென்ஸால் எடுக்கப்பட்டது. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் வந்து உலகப் புகழ் பெற்றது. ஷர்பத் குலா என்ற அவருடைய பெயர் அவ்விதழுக்குத் தெரிய வந்தது 2002-இல். அந்நியர் ஒருவர் படமெடுத்தது குறித்து அன்று தமக்குக் கோபம் இருந்ததாக அவர் நினைவுகூர்ந்ததையும் அவ்விதழே எழுதியது. கோபம் அந்தக் கண்களில் தெரிந்தே இருந்தது; அதை அழகு என்று படித்தவர்கள் பார்வையாளர்கள்.

ஆகவே பிரைம் லென்ஸ் நல்லது என்பதற்கு மேலாக ஒன்று சொல்லப்பட வேண்டும். அது மறுப்பைக் கேட்கக்கூடிய தூரத்துக்கு ஆய்வாளரைக் கொண்டுவரும், கேட்க வைக்காது. ஜூமோ அந்தத் தூரத்துக்கே வராமல் தப்பிக்க இடம் தரும். இவ்விரண்டில் எது மாணவரின் பழக்கமாக வேண்டும் என்பதில் ஐயம் இருக்க முடியாது.

ஜூமுக்கு உரிய இடமும் உண்டு. செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கில் பாடுபவரை எடுக்க வேண்டுமானால் மேடையேறி முகத்துக்கு எதிரே நிற்க முடியாது. பாடுபவர் பார்க்கப்படுவதற்கென்றே அமர்ந்திருக்கிறார். அரங்கின் பின்வரிசையில் 70–200 மி.மீ. லென்ஸுடன் நிற்பதே அவருக்கும் கேட்பவர்க்கும் செய்யும் மரியாதை. கொதிக்கும் உலையருகே, சுழலும் எந்திரத்தருகே நெருங்குவது ஆபத்து, அங்கும் அவ்வாறே. அறிமுகமான பெண் ஒருவர், ஒப்புக்கொண்ட பின், ‘கொஞ்சம் தள்ளி நின்றே எடுங்கள்’ என்று கேட்கலாம். இவை அனைத்திலும் தூரத்தை எதிரில் இருப்பவரோ வேலையின் தன்மையோ தீர்மானிக்கிறது. எடுப்பவரின் கூச்சமோ அவசரமோ தீர்மானிக்கவில்லை.

இவ்வளவு வலியுறுத்துவது ஏன் என்று கேட்கலாம். தாராவியில் இன்று ஒரு படம் வெறும் படமாக இருப்பதில்லை. 2022 நவம்பரில் மறுகட்டுமானத்துக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. 2024-இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளங்களில் இருப்போருக்கும் வேறு இடத்தில், வேறு நிபந்தனைகளில். யார் எந்தத் தளத்தில் இருக்கிறார், எந்த அறையில் என்ன தொழில் நடக்கிறது என்பவை குடும்பங்களின் எதிர்காலத்தைத் தொடும் செய்திகளாகிவிட்டன. ஏணிப்படியில் அமர்ந்திருக்கும் ஒருவரின் படம் நாளை யார் கையில் எதற்குச் சான்றாகும் என்பது எடுத்தவருக்குத் தெரியாது. அங்கு வாழ்பவருக்கு அது பற்றி ஒரு கணிப்பு இருக்கும். “பின்னால் அந்தப் படி தெரிய வேண்டாம்” என்று அவர் சொல்லக்கூடும். ஐந்தடியில் நிற்பவருக்கு மட்டுமே அச்சொல் கிடைக்கும். உடனே அவர் அபெர்ச்சரைத் திறந்து பின்னணியை மங்கச் செய்யலாம், அல்லது நாற்காலியை வேறு சுவருக்கு மாற்றலாம். பின்னணி மங்கலைப் பற்றி எழுதப்படும் பக்கங்கள் அனைத்திலும் இல்லாத பயன் அது.

இனி ஒரு கோரிக்கை. பல்கலைக்கழக அறநெறிக் குழுக்கள் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் கேட்கின்றன. படம் எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்பதில்லை. இனி ஆய்வேட்டில் இடம்பெறும் ஒவ்வோர் உருவப்படத்தின் அடியிலும் இடம், நாள் ஆகியவற்றோடு மூன்று செய்திகள் சேர்க்கப்படட்டும்: எத்தனை அடி தூரத்தில் எடுக்கப்பட்டது, எடுக்கும் முன் கேட்கப்பட்டதா, எடுத்த படம் அவருக்குக் காட்டப்பட்டதா. படக்கோப்பிலேயே குவியத் தூரம் பதிவாகியிருப்பதால் முதல் விடையைத் தேர்வாளர் ஒருவாறு சரிபார்க்கவும் முடியும். விடை எழுதக் கூசும் படம் ஆய்வேட்டில் இருக்க வேண்டிய தேவையில்லை.

லென்ஸ் வாங்கும் மாணவர் கடைக்குச் செல்லுமுன் தம் களத்துக்கு ஒருமுறை கேமரா இல்லாமல் சென்று வரட்டும். பேச்சு எந்தத் தூரத்தில் நடக்கிறது என்று பார்க்கட்டும். எத்தனை மி.மீ. வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.