கோடு போடுபவரும் கவர் வாங்குபவரும்

அயர்லாந்தின் கில்கென்னி மாவட்ட ஹர்லிங் (மட்டையால் ஆடும் ஆட்டம்) அணியை 24 பருவங்கள் நடத்தி, 11 முறை அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கித் தந்த பிரையன் கோடி, தொழிலால் தொடக்கப்பள்ளி ஆசிரியர். டப்ளின் கேலிக் கால்பந்து அணி 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள் வென்றபோது அதன் மேலாளராக இருந்த ஜிம் கேவின், விமானப்படை விமானியாக இருந்து பிறகு விமானப் போக்குவரத்து ஆணையத்தில் வேலை பார்த்தவர். 82,300 பேர் கொள்ளும் குரோக் பார்க்கில் இறுதிப் போட்டி ஆடும் வீரரும் அந்த வாரமே வகுப்பறைக்கோ மாட்டுப் பண்ணைக்கோ திரும்பிவிடுவார். ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் ஊரின் ஒரு ஹோட்டலில் தொடங்கிய கேலிக் விளையாட்டுக் கழகம் இன்றுவரை விடாமல் பிடித்திருக்கும் கொள்கை இது.

விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடைமுறையில், வெளியூரிலிருந்து வந்து பெரியவர் அணியை நடத்திக் கொடுக்கும் மேலாளர்களுக்குப் பயணச் செலவு என்ற பெயரிலும், அந்தப் பெயர்கூட இல்லாமலும் கவர் கைமாறுவது ஊரறிந்த ரகசியம். 2012-ல் கழகத்தின் அன்றைய தலைமை இயக்குநர் பாரிக் டஃபி இதைப் பற்றி ஒரு விவாத அறிக்கையே வெளியிட்டார். கண்டும் காணாமல் விட்டுவிடலாம், விதியைக் கறாராக அமல்படுத்தலாம், இல்லையென்றால் ஒரு வரம்புக்குள் வெளிப்படையாகவே கொடுக்கலாம் என்று மூன்று வழிகளை முன்வைத்தார். விதியே இருக்கட்டும் என்று முடிவானது. கவரும் இருந்தது. 2024-ல் தலைவரான ஜார்லத் பர்ன்ஸ் அதே கேள்வியை மறுபடியும் எழுப்ப வேண்டியிருந்தது.

மேலாளர் வாங்கலாமா கூடாதா என்பதைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர் குறைவு.

அது கிளப்பின் வாராந்திர லாட்டரியிலிருந்து வருகிறது. மழையில் நனைந்தபடி கடை வாசலில் நின்று சீட்டு விற்றவரின் உழைப்பிலிருந்து வருகிறது. தீவு முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட கிளப்புகள். கிராமப்புறத்தில் பெரும்பாலும் ஒரு கத்தோலிக்கப் பங்குக்கு ஒன்று. மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். ஞாயிறு ஆட்டத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அதன் எல்லைக் கோடுகளையும், உள்ளே 13, 20, 45, 65 மீட்டர் கோடுகளையும் போட்டு முடித்திருக்க வேண்டும். யாரோ சட்டைகளைத் துவைத்திருக்க வேண்டும். கோல் கம்பத்தருகே வெள்ளைக் கோட்டு மாட்டி நின்று, கோலுக்குப் பச்சைக் கொடியும் புள்ளிக்கு வெள்ளைக் கொடியும் காட்டும் நால்வரைப் பெரும்பாலும் நடுவரே தன் வீட்டிலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் திரட்டிக்கொண்டு வருகிறார். 2020-ல் கொரோனாவால் ஆட்டமே நின்றபோது, இதே ஆட்கள்தான் முதியவர்களின் வீட்டு வாசலில் மளிகையும் மருந்தும் வைத்துவிட்டு வந்தார்கள்.

அறுவடைக்கு அக்கம்பக்கத்தார் கூலி வாங்காமல் கைகொடுப்பதை ஐரிஷ் மொழியில் ‘மெஹல்’ என்பார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பதற்கு நெருங்கிய சொல். ஆனால், தேர் நிலைக்கு வந்துவிட்டால் வடம் பிடித்தவர் வீட்டுக்குப் போகலாம். கிளப்பின் தேருக்கு நிலை என்று ஒன்று கிடையாது.

வேலை கூடியிருக்கிறது என்பதைவிட, வேலையின் குணம் மாறியிருக்கிறது என்பதே சரி. எட்டு வயதுக் குழந்தைகளுக்கு மட்டை பிடிக்கக் கற்றுத்தர முன்வரும் தாயோ தகப்பனோ, கார்டா எனப்படும் அயர்லாந்துக் காவல்துறையின் பின்னணிச் சரிபார்ப்பு, குழந்தைகள் பாதுகாப்பு வகுப்பு, அடிப்படைப் பயிற்றுநர் சான்று ஆகிய மூன்றையும் முடித்தாக வேண்டும். சரிபார்ப்பைச் சட்டமே 2016 முதல் கட்டாயமாக்கிவிட்டது. இதில் தளர்வு கேட்பது முறையல்ல. அந்த நாட்டில் தேவாலய நிறுவனங்களுக்குள் குழந்தைகளுக்கு நேர்ந்ததை அறிந்தவர் கேட்கவும் மாட்டார். ஆனால் அத்தனை சான்றுகளையும் பின்தொடர்ந்து, காலாவதித் தேதி பார்த்து, உறுப்பினர் பதிவு, காயக் காப்பீட்டுப் படிவம், மைதான மானிய விண்ணப்பம் என்று இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து உட்காருபவர் கிளப் செயலர். அவருக்குக் கவர் எதுவும் வருவதில்லை. குழந்தைகளோடு மைதானத்தில் நிற்கும் ஆசையில் வந்தவரை எழுத்தர் ஆக்கிவிட்டு, தன்னார்வலர் கிடைப்பதில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

வெளியூர் மேலாளருக்குப் போகும் தொகையை நிறுத்த வேண்டும். அந்தப் பணத்தில் ஐந்தாறு பக்கத்து கிளப்புகள் சேர்ந்து, பகுதி நேரச் சம்பளத்தில் ஒரு அலுவலக உதவியாளரை அமர்த்திக்கொள்ளட்டும். ‘சம்பளம் என்று வந்தால் கொள்கை போய்விடுமே’ என்பவர்கள் கழகத்தின் சொந்த அமைப்பைப் பார்க்கலாம். குரோக் பார்க் தலைமை அலுவலகத்தில் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். மாவட்ட அளவில் சம்பளம் பெறும் பயிற்சி அலுவலர்கள் இருக்கிறார்கள். ஆட்டமும் அணியும்தான் சம்பளமில்லாமல் நடக்க வேண்டுமே தவிர, கோப்புகள் அல்ல.

பணம் இல்லாமல் நல்ல மேலாளர் வரமாட்டார் என்பது இன்னொரு வாதம். சில கிளப்புகளுக்கு இது உண்மையாகவும் இருக்கலாம். ஒரே தெருவில் வளர்ந்த வீரர்களை உள்ளூர்க்காரர் கண்டிப்பது சுலபமல்ல. ஆனால் கோடியும் கேவினும் வெளியூரிலிருந்து விலைக்கு வந்தவர்கள் அல்லர். தத்தம் மாவட்டத்துக்காக ஆடிப் பட்டம் வென்று, அதே மாவட்டத்தை நடத்தியவர்கள். ஒரு வெளியூர்க்காரரின் ஒரு பருவத்துக்குச் செலவழிப்பதை, சொந்த ஊரில் ஆடி ஓய்ந்த நான்கைந்து பேரைப் பயிற்றுநர்களாகத் தேற்றச் செலவழித்தால், பத்து ஆண்டுக்குப் பிறகும் அவர்கள் அதே ஊரில் இருப்பார்கள்.

அயர்லாந்து அரசுக்கும் இதில் வேலை உண்டு. பள்ளியில் உதவி, சாரணர் குழுவில் பொறுப்பு, கிளப்பில் பயிற்சி என்று மூன்று இடங்களில் தொண்டு செய்பவர் மூன்று முறை சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் நிலை இருக்கிறது. ஓர் அமைப்புக்குப் பெற்ற சரிபார்ப்பு மற்றொன்றுக்குத் தானாகச் செல்லாது. ஆள் ஒருவரே, ஆவணமும் ஒன்றே. ஒருமுறை சரிபார்த்து, அதையே எல்லா இடத்திலும் ஏற்று, உரிய காலத்தில் புதுப்பிக்க வழி செய்தால் பாதுகாப்பு குறையாது. செயலர்களின் பல இரவுகள் மிஞ்சும்.

ஆண்டின் கடைசி மாதங்களில் கிளப்புகளின் பொதுக்கூட்டங்கள் நடக்கும். செயலர் பதவிக்குப் பெயர் கேட்கும் நேரத்தில் கூட்டம் தரையைப் பார்க்கத் தொடங்கும். இந்த ஆண்டு, அதற்கு முன்பாகவே பொருளாளர் எழுந்து இரண்டு தொகைகளை வாசிக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்கட்டும்: பெரியவர் அணியின் மேலாளருக்காக எந்தப் பெயரிலாவது போனது எவ்வளவு, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் செலவானது எவ்வளவு. செயலர் பதவிக்கான தேர்தலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.