இடது மார்பில் ரேடியேஷனா? இதயத்துக்கு எத்தனை கிரே போகுதுன்னு கேளுங்க!

1/ "கரண்ட் வச்சா ஹார்ட் போயிடும், வேண்டாம்"னு ஒரு பக்கம் வாட்ஸ்அப் ஃபார்வர்டு. "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம், நீங்க போய்ப் படுங்கம்மா"ன்னு இன்னொரு பக்கம் நம்ம மருத்துவர்கள். மார்பகப் புற்றுநோய் விஷயத்தில் ரெண்டுமே தப்பு.

2/ முதல்ல ஃபார்வர்டு. கட்டியை மட்டும் அகற்றி மார்பகத்தைக் காப்பாற்றிய பெண்களில், ரேடியேஷன் எடுக்காதவர்களில் சுமார் 35% பேருக்கு 10 வருஷத்துக்குள் நோய் திரும்பியது. எடுத்தவர்களில் சுமார் 19%. பயந்து விட்டுடாதீங்க.

3/ அப்போ இதயத்துக்கு ஆபத்தே இல்லையா? இருக்கு. சுவீடன், டென்மார்க் பெண்களை வைத்து 2013ல் வெளிவந்த ஆய்வு: இதயத்தில் படும் சராசரி டோஸ் ஒரு கிரே கூடினால், மாரடைப்பு போன்ற பாதிப்புக்கான வாய்ப்பு ஏற்கெனவே இருப்பதைவிட 7.4% கூடுது. நூத்துக்கு ஏழு பேருக்கு வரும்னு அர்த்தமில்லை. ஆனா பிரஷர், சுகர் இருக்கிறவங்களுக்கு அந்த "ஏற்கெனவே" பெரிசு.

4/ தடுக்க வழி? மூச்சை நல்லா இழுத்து சுமார் 20 நொடி பிடிக்கணும். நுரையீரல் விரியும், இதயம் மார்புச் சுவரை விட்டு விலகும். அந்த நேரத்தில் மட்டும் கதிர். விரிந்த நுரையீரலிலும் கதிர் படும் பங்கு பெரும்பாலும் குறையும்.

5/ "அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி வசதி சார்." இந்தச் சாக்குதான் எனக்குக் கோபம். இங்கிலாந்தின் ஹார்ட்ஸ்பேர் ஆய்வில், கருவி வைத்து மூச்சை நிறுத்துவதையும் நோயாளி தானாகப் பிடிப்பதையும் ஒப்பிட்டாங்க. இதயத்தைக் காப்பதில் ரெண்டும் கிட்டத்தட்ட சமம். தேவை பயிற்சியும் பொறுமையும்.

6/ கூட்டம் அதிகம், மெஷின் குறைவு. உண்மைதான். ஆனா அப்படி ஒரு வழி இருக்குன்னு சொல்லக்கூடவா நேரமில்லை?

7/ எல்லாராலயும் மூச்சைப் பிடிக்க முடியாது. எல்லாருக்கும் தேவையும் இல்லை. கதிர் வரும் கோணத்தை மாற்றியும் இதயத்தை ஓரளவு காக்கலாம். எது பொருந்தும்னு உங்க டாக்டர்தான் முடிவு செய்யணும். கேட்க வேண்டியது நீங்க.

8/ மூணே கேள்வி:
இதயத்துக்குச் சராசரி எத்தனை கிரே?
நுரையீரலுக்கு எவ்வளவு?
மூச்சைப் பிடிக்கும் முறை எனக்கு ஒத்துவருமா?

மூணாவதை பிளானிங் சிடி ஸ்கேனுக்கு முன்னாடியே கேளுங்க. அந்த ஸ்கேனையே மூச்சைப் பிடிச்சுத்தான் எடுக்கணும். முதல் ரெண்டுக்கும் பதில் பிளான் போட்டதும் கம்ப்யூட்டரில் இருக்கும். வாசிச்சுச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

புற்றுநோயை ஜெயிச்ச அம்மா, 15 வருஷம் கழிச்சு மாரடைப்போட வரக்கூடாது. கேளுங்க.