பிள்ளைக்குக் கேட்கும், நமக்குக் கேட்காது

முன்னுக்குக் கண்ணாடியும் பின்னுக்குக் கூனுமாக இருக்கும் பழைய பெட்டி ரீவி நம் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தட்டை ரீவி வாங்கியவர்கள்கூடப் பழையதை எறிய மனமில்லாமல் அம்மம்மாவின் அறைக்குள் வைத்திருப்பார்கள். அதைப் போட்டவுடன் "ஈ..." என்று ஊசி குத்துவது போல ஒரு மெல்லிய சத்தம் வரும். "எங்கட ரீவியில அப்படி ஒண்டும் இல்லையே" என்று தாய்மார் பலர் சொல்வீர்கள். பிள்ளையிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

வினாயகபுரத்தில் நான் போய்வரும் வீடொன்றில் பத்து வயது மகள் ரீவி போட்டாலே காதைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிடுவாள். புலமைப்பரிசில் பரீட்சை வருகிற ஆண்டு. படிக்கக் கள்ளம் என்றார் தகப்பன். அம்மம்மா பார்வை பார்ப்பித்து நூலும் கட்டுவித்தார். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர், மூவருக்கும் கேட்கவில்லை. ஆகவே சத்தமே இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. ஒரு குடும்பத்தில் எது உண்மை என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று சமூகவியல் வகுப்பில் பக்கம் பக்கமாகப் படித்தோம். அந்த விறாந்தையில் அது ஒரு நிமிடத்தில் விளங்கியது.

பிள்ளை சொன்னது மெய். நமது நாட்டு ஒளிபரப்பு முறையில் ஒரு படம் 625 கோடுகளால் ஆனது. ஒரு செக்கனுக்கு 25 படங்கள். இரண்டையும் பெருக்கினால் 15,625. பெட்டிக்குள் இருக்கும் 'பிளைபேக்' என்ற டிரான்ஸ்போமர் செக்கனுக்கு அத்தனை தடவை இயங்குகிறது. அதன் கம்பிச் சுருளும் உள்ளிருக்கும் காந்தக் கட்டையும் அதே வேகத்தில் அதிரும்போதுதான் அந்தச் சத்தம் பிறக்கிறது. பெட்டி பழசாகிப் பசை விட்டுப்போனால் அதிர்வு கூடும். சிறுபிள்ளையின் காது ஏறக்குறைய 20,000 அதிர்வு வரை பிடிக்கும். வயது ஏற ஏற மேல் சுருதிகள்தான் முதலில் மறையும். நெல் ஆலை போன்ற இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு இன்னும் விரைவாக மறையும். முப்பதைத் தாண்டிய எனக்கு அந்த வீட்டில் பெட்டிக்குக் கிட்டப் போய்த் தலையைத் திருப்பியபோது மட்டுமே இலேசாகக் கேட்டது.

இந்த வித்தியாசத்தை வைத்து வியாபாரமே செய்திருக்கிறார்கள். பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் ஹவார்ட் ஸ்டேபிள்டன் என்பவர் 2005இல் 'மொஸ்கிற்றோ' என்றொரு கருவி செய்தார். கடை வாசலில் கூடி நிற்கும் இளைஞர்களை 17,000 அதிர்வுச் சத்தத்தால் கலைப்பதற்காம். பெரியவர்களுக்கு அது கேட்காது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஆசிரியருக்குக் கேட்காத தொலைபேசி மணியாக அதையே மாற்றிக்கொண்டார்கள்!

பிள்ளை சொல்வதைச் சோதிப்பது சுலபம். ரீவியின் ஒலியை முழுதாகக் குறையுங்கள். பிள்ளையைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். சுவிச்சின் 'டிக்' சத்தம் காட்டிக்கொடுக்காதபடி பாத்திரம் ஏதாவது தட்டிக்கொண்டு, நினைத்தபடி போடுவதும் நிறுத்துவதுமாக இருங்கள். கேட்கும்போது கையை உயர்த்தட்டும். அந்த மகள் பத்துத் தடவையும் சரியாகச் சொன்னாள். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. ரீவியைத் தூக்கி மற்ற அறையில் வைத்தார்.

வைக்கும் இடம்தான் பாதி மருந்து. உயர்ந்த சுருதி கதவையும் தடித்த திரையையும் எளிதில் தாண்டாது. ஆனால் சுனாமிக்குப் பிறகு கட்டிய 500 சதுர அடி வீடுகளில் படிப்பும் படுக்கையும் ரீவியும் ஒரே இடத்தில்தானே? அப்படியானால் படிக்கிற நேரத்தில் பெட்டியை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. ஒலியை மட்டும் குறைத்துவிட்டு நாடகத்தின் படத்தைப் பார்ப்பது பிள்ளைக்கு உதவாது, ஒலியைக் குறைத்தாலும் இந்தச் சத்தம் குறையாது. பெட்டிக்கு மேல் துணி போட்டு மூடவும் வேண்டாம், சூடேறிவிடும். திருத்துபவரிடம் கொடுத்தால் தளர்ந்த சுருளை ஒட்டித் தருவார், அல்லது பிளைபேக்கையே மாற்றுவார். பழைய பெட்டிக்கு அவ்வளவு செலவு தேவையா என்பதையும் அவரிடமே கேளுங்கள். பின்மூடியை மட்டும் வீட்டில் யாரும் கழற்றக்கூடாது. குழாய்க்குள் 20,000 வோல்ற்றுக்கு மேல் ஏறும், வயரைப் பிடுங்கிய பிறகும் அது தங்கி நிற்கும். சடசடவென்று வெடிக்கும் சத்தமோ கருகல் மணமோ வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இந்தச் சத்தத்தால் பிள்ளை செவிடாகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. எரிச்சலும் தலையிடியும்தான் தொல்லை. ஆனால் ரீவி நின்ற பிறகும், பள்ளிக்கூடத்திலும் வயல் வெளியிலும்கூடக் காதுக்குள் இரைகிறது என்று சொன்னால் அது வேறு விஷயம். அப்போது காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். எங்கே, எந்த நேரத்தில் கேட்கிறது என்பதைப் பிள்ளையையே சொல்ல விடுங்கள்.