தண்ணி எடுக்காத போர்

2019 ஜூனில் ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில, ‘ஆபீஸில் தண்ணியில்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்’ என்றன. வீட்டில் மட்டும் இருந்ததா என்ன? தரமணியில் எங்கள் தெரு அடிபம்பில் காத்துதான் வந்தது. லாரிக்காக விடியற்காலையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, குடத்துக்குக் காவலாக நானும் நின்றேன்.

அந்த நிலத்தை இப்போது வேறொரு காரணத்துக்காகத் துளைக்கலாம் என்கிறார்கள். 2025இல் ஒன்றிய அரசு அறிவித்த தேசியப் புவிவெப்ப ஆற்றல் கொள்கை, கட்டடங்களைக் குளிரூட்டும் நிலவெப்பப் பம்புகளையும் ஊக்குவிக்கிறது. ஆழமாகப் பல துளைகள் போட்டு, பிளாஸ்டிக் குழாயை வளைத்து இறக்கி, அதில் நீரைச் சுற்றவிட்டுக் கட்டடத்தின் சூட்டை மண்ணில் இறக்குவார்கள். கரண்ட் மிச்சமாகும். டைடல் பார்க்கும் அதன் பின்னால் வந்த கண்ணாடிக் கட்டடங்களும் ஏசியில் உயிர்வாழும் தரமணிக்கு இந்த யோசனை வந்துசேர ரொம்ப நாள் ஆகாது. நல்லதுதானே? நல்லதுதான். என் சண்டை அந்தத் துளையோடு.

“மச்சி, அது தண்ணியே எடுக்காதுடா” என்று இன்ஜினியர் நண்பன் சிரித்தான். எனக்கு அதுதான் பயம். சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987இல் வந்தபோது அதன் கவலையெல்லாம் கிணறு தோண்டுவது, நீரை எடுப்பது, லாரியில் கொண்டுபோவது. நீரை எடுக்காமலே கெடுக்கும் துளையை அன்றைக்கு யார் நினைத்தார்கள்? மாநிலத்துக்கென 2003இல் போட்ட சட்டத்தையோ 2013இல் ரத்தே செய்துவிட்டார்கள்.

நம் காலடியில் இருப்பது ஒரே தண்ணீர் இல்லை. மேலே மணலிலும் களிமண்ணிலும் ஒன்று, கீழே சார்னோக்கைட் பாறையின் வெடிப்புகளில் இன்னொன்று. கிழக்கே கடல், தெற்கே பெருங்குடிக் குப்பைமேடு. திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணலில் கிணறு போட்டு மெட்ரோ வாட்டரே ஊருக்குத் தண்ணீர் எடுத்திருக்கிறது. துளைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை அடியிலிருந்து மேல்வரை சாந்து செலுத்தி அடைக்காவிட்டால் மேல்தண்ணியும் கீழ்தண்ணியும் கலந்துவிடும். சாக்கடைக்கும் நேர்வழி கிடைக்கும். பக்கத்து மனையில் ஆழமாகப் போர் போட்ட வருஷம் எங்கள் பம்பில் உப்பு ஏறியது. எதிர்வீட்டு அக்கா ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, “இத்த ஊத்துனா பருப்பு வேகுமாப்பா?” என்றார். அந்தப் போர்தான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. யாரும் அளந்து வைக்கவில்லையே.

ஜெர்மனியில் ஸ்டாஃபன் என்ற சிற்றூரில் 2007இல் நகரமன்றக் கட்டடத்துக்காக இப்படித் துளைத்தார்கள். நீர், அது போகக்கூடாத பாறை அடுக்கில் புகுந்தது. அடுக்கு ஜிப்சமாக ஊதி நிலம் மேலெழும்ப, 250க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல்விட்டன. தரமணியில் அந்தப் பாறை கிடையாது, பயமுறுத்தவில்லை. விதிகளுக்குப் பெயர்போன தேசத்தில் நடந்தது என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று. அந்த ஊர்களில் கோடையில் மண்ணுக்குள் விட்ட சூட்டைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நமக்கு ஏது குளிர்காலம்? மார்கழியிலும் சர்வர் அறை ஏசி ஓடுகிறது. பன்னிரண்டு மாதமும் இறங்கும் சூடு எங்கே போகும்?

‘கட்டுப்பாடு வைத்தால் முதலீடு ஓடிப்போகும்’ என்பார்கள். 2019இல் ஓடியது தண்ணீர்தான். நான் கேட்பது பெரிசில்லை. நீர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நிலத்தை ஆழமாகத் துளைக்க மெட்ரோ வாட்டர் அனுமதி வேண்டும். சாந்து அடைக்கும்போது அதிகாரி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கூடவே ஒரு கண்காணிப்புக் கிணறு. அதன் உப்பையும் சூட்டையும் மாதாமாதம் தெருவிலேயே போர்டில் எழுதிவைக்க வேண்டும். கம்பெனி காலிசெய்துகொண்டு போனால் துளையை மூட ஆகும் செலவை, மெஷின் வருவதற்கு முன்பே கட்டியிருக்க வேண்டும்.